போலிப் பூச்சியில் மீன் பிடிப்பவர்கள் அரசை கோர்ட்டில் தோற்கடித்தது எப்படி? இங்கிலாந்து டிரவுட் ஆறுகளின் கதை

வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பகுதியில் பிக்கரிங் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் மீன்பிடி சங்கம், தங்கள் ஓடையைக் காப்பாற்றும் கடமையில் அரசு தவறிவிட்டது என்று அரசு மீதே கேஸ் போட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சங்கத்துக்கு சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. அரசு விடவில்லை, அப்பீல் போனது. 2025 ஏப்ரலில் அந்த அப்பீலும் தள்ளுபடி ஆனது.

கேஸில் சம்பந்தப்பட்ட ஓடையின் பெயர் அப்பர் கோஸ்டா பெக். ஒரு காலத்தில் டிரவுட் மீன் துள்ளிய ஓடை. கழிவுநீர் கலந்து கலந்து, இப்போது பெயருக்குத்தான் டிரவுட் ஓடை.

சரி, தூண்டில் போடுகிறவர்களுக்கும் ஆற்றுச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? லீவு நாளில் மீன் பிடிக்கப் போகிறவங்க எதுக்கு கோர்ட் படி ஏறணும்? இங்கிலாந்தில் இது ஒன்றும் புதுசு இல்லை. 75 வருஷத்துக்கும் மேலாக அங்கே ஆற்றைக் கெடுப்பவர்களை கோர்ட்டுக்கு இழுத்தவர்களில் முன்வரிசையில் நிற்பது தூண்டில்காரர்கள்தான்.

அது என்ன ஃப்ளை ஃபிஷிங்?

நம்ம ஊரில் தூண்டில் என்றால் மண்புழுவையோ மைதா உருண்டையையோ முள்ளில் கோத்து, தண்ணீரில் விட்டுவிட்டு, தக்கை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஃப்ளை ஃபிஷிங்கில் நிஜ இரையே கிடையாது. சின்ன முள் மேல் இறகு, முயல் முடி, பட்டு நூல், மெல்லிய செம்புக் கம்பி எல்லாம் சுற்றி ஒரு பூச்சி மாதிரியே செய்வார்கள். இதற்குப் பெயர்தான் 'ஃப்ளை'.

இறகுக்கு எடை இல்லை. அதனால் அதைத் தூர வீச முடியாது. அதற்காக நூலையே கனமாகச் செய்திருப்பார்கள். அந்த நூலை சாட்டை சுழற்றுவது போல முன்னும் பின்னும் வீசி, அதன் வேகத்தில் போலிப் பூச்சியைத் தண்ணீர் மேல் மெதுவாக இறக்க வேண்டும். நிஜப் பூச்சி வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கணும். கொஞ்சம் தப்பினாலும் மீன் நகர்ந்துவிடும்.

இந்தக் கலை ரொம்பப் பழசு. மாசிடோனியா ஆற்றில் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் ஏலியன் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1496-லேயே தூண்டில் பற்றிய நூல் அச்சாகிவிட்டது. 1653-ல் வந்த ஐசக் வால்டனின் 'தி கம்ப்ளீட் ஆங்லர்' இன்றுவரை மறுபதிப்பு கண்டுகொண்டே இருக்கிறது.

ஆனால் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஃப்ளை ஃபிஷிங்கை வடிவமைத்ததில் பெரிய பங்கு, தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்‌ஷயரில் ஓடும் டெஸ்ட், இட்சென் என்ற இரண்டு ஆறுகளுக்கு உண்டு. 1886-ல் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் என்பவர் மிதக்கும் பூச்சிகளைக் கட்டுவது பற்றி ஒரு புத்தகம் போட்டார். மீன் மேலே வந்து பூச்சியைத் தின்னும்போது மட்டும்தான், அதுவும் மிதக்கும் பூச்சியை மட்டும்தான் வீச வேண்டும் என்பது அவர் வழி வந்தவர்களின் கட்சி. ஜி.இ.எம். ஸ்க்யூஸ் என்ற வக்கீல் 1910-ல் இதை எதிர்த்தார். மீன் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தானே தின்னுது, அங்கேயே போட்டால் என்ன தப்பு என்பது அவர் வாதம். இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் ஓடியது. 1938-ல் லண்டன் கிளப் ஒன்றில் இதற்காகவே தனி விவாதம் வைத்தார்கள் என்றால் பாருங்கள்!

வெளியில் இருந்து பார்த்தால் வேலையற்றவர்களின் சண்டை போலத்தான் தெரியும். ஆனால் இந்தச் சண்டையால் ஒரு நல்லது நடந்தது. எந்த மாதம், எந்த நேரத்தில், எந்தப் பூச்சி எழும் என்பதை இரண்டு தரப்பும் உன்னிப்பாகக் கவனித்தது. மீனின் வயிற்றைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த பூச்சிகளை எண்ணிக் குறித்து வைத்தவர்களும் உண்டு. ஆற்றுப் பூச்சிகளை இவ்வளவு கூர்ந்து பார்த்த பொதுமக்கள் கூட்டம் வேறு இல்லை.

ஆற்றுக்குள் என்ன நடக்கிறது?

டெஸ்ட்டும் இட்செனும் 'சாக் ஸ்ட்ரீம்' என்ற வகை ஆறுகள். 'சாக்' என்பது மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் தண்ணீர் நேராக ஆற்றுக்குள் ஓடாது. பாறைக்குள் இறங்கி, பஞ்சில் ஊறுவது போல ஊறி, மாதக்கணக்கில் கழித்து ஊற்றாக வெளியே வரும். அதனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஊற்றில் கோடையோ குளிரோ, சுமார் 10 டிகிரி செல்சியஸ்தான். உலகத்தில் இந்த வகை ஆறுகள் 200 சொச்சம்தான். அதில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன.

பிரவுன் டிரவுட் குளிர்காலத்தில் ஆற்றடிக் கூழாங்கற்களைத் தோண்டி அதற்குள் முட்டையிடும். கல் இடுக்கு வழியாகச் சுத்தமான தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு ஆக்சிஜன் கிடைக்கும். வயலில் இருந்து அடித்து வரும் வண்டல் அந்த இடுக்குகளை அடைத்தால் முட்டை மூச்சு முட்டி அழியும். மேலே இருந்து பார்த்தால் ஆறு அழகாகத்தான் இருக்கும்!

பூச்சிகளின் கதையும் அதேதான். மேஃப்ளை என்ற பூச்சியை நம்ம ஊர் ஈசலோடு ஒப்பிடலாம். இனம் வேறு, ஆனால் சிறகு முளைத்த பிறகு ஒரு நாள், மிஞ்சினால் சில நாள்தான் உயிர் வாழும். அதற்கு முன்பு ஓராண்டு, இரண்டாண்டு ஆற்றடியில் புழுப் பருவத்தில் கிடக்கும். அத்தனை நாளும் தண்ணீர் நன்றாக இருந்தால்தான், மே மாதக் கடைசியில் கூட்டமாக மேலே எழும். அந்த நாட்களில் டிரவுட் வெறிபிடித்த மாதிரி தின்னும். கற்றுக்குட்டிகூட மீன் பிடித்துவிடலாம்.

அதாவது, ஒரு பூச்சி எழுவது என்பது அந்த ஆறு இரண்டு வருஷமாக நலமாக இருந்தது என்பதற்கான சர்டிஃபிகேட். அது எழாவிட்டால் முதலில் கவனிப்பது யார்? அந்தப் பூச்சியை நம்பித் தூண்டிலோடு வந்து நிற்பவர்தான்.

கென்னட் ஆற்றில் காணாமல் போன பூச்சிகள்

இதற்கு நல்ல உதாரணம் 2013 ஜூலையில் நடந்தது. தேம்ஸின் கிளை ஆறான கென்னட்டும் ஒரு சாக் ஸ்ட்ரீம்தான். அங்கே தன்னார்வலர்கள் மாதாமாதம் பூச்சிக் கணக்கு எடுப்பது வழக்கம். 2007-ல் நாடு முழுக்கத் தொடங்கிய திட்டம் இது. தூண்டில்காரர்கள்தான் முன்னால் நின்று நடத்தினார்கள். முறை ரொம்ப எளிது. ஆற்றில் இறங்கி, அடியில் உள்ள கற்களை 3 நிமிடம் காலால் கிளற வேண்டும். கலங்கி வருவதை வலையில் பிடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, 8 வகை உயிரினங்கள் எத்தனை எத்தனை என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனால் உடனே சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும்.

அந்த ஜூலையில் மார்ல்பரோ ஊருக்குக் கீழே தட்டு காலியாக இருந்தது. வழக்கமாக நூற்றுக்கணக்கில் துள்ளும் நன்னீர்க் கூனிகூட இல்லை. சோதித்துப் பார்த்ததில் குளோர்பைரிபாஸ் என்று தெரிந்தது. நம்ம ஊர் விவசாயிகளுக்கும், கரையான் மருந்து அடிப்பவர்களுக்கும் பழக்கமான அதே பூச்சிக்கொல்லி. அது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றுக்கு வந்திருந்தது. அளவு எவ்வளவு தெரியுமா? டீஸ்பூன் கணக்கில்தான் இருக்கும் என்று சொல்லப்பட்டது. அதற்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்குப் பூச்சிகள் செத்துப் போயின.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், மீன்கள் சாகவில்லை. செத்த மீன் மிதந்திருந்தால் ஊரே பார்த்திருக்கும், டிவியில் வந்திருக்கும். பூச்சி செத்தால் யாருக்குத் தெரியும்? ஆளுக்கு ஒரு வலையோடு ஆற்றில் இறங்கியவர்களுக்குத்தான் தெரிந்தது.

வீட்டு நாய், பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வராமல் இருக்கக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் இப்போது சந்தேக வளையத்தில் இருக்கிறது. அதில் உள்ள ஃபிப்ரோனில் என்ற ரசாயனம், இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த மாதிரிகளில் 98 சதவீதத்தில் இருந்ததாக 2020-ல் வெளியான சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. வயலுக்கு அடிக்கத் தடை செய்யப்பட்ட மருந்து, குளியலறை வழியாக ஆற்றுக்குப் போகிறது.

சாக்கடை ஏன் ஆற்றுக்குள் வருகிறது?

இங்கிலாந்தில் பல ஊர்களில் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. பெருமழை பெய்தால் குழாய் தாங்காது, வீட்டுக்குள் சாக்கடை ஏறிவிடும். அதைத் தவிர்க்க, அதிகமான நீரை நேராக ஆற்றில் விட ஒரு மதகு வைத்தார்கள். அவசரத்துக்கு வைத்த மதகு அது. இப்போது நடப்பது வேறு. 2024-ல் மட்டும் இங்கிலாந்தில் இப்படி சுமார் 4.5 லட்சம் முறை திறந்துவிட்டிருக்கிறார்கள். மொத்த நேரம் 36 லட்சம் மணி நேரத்துக்கும் மேல்.

இந்த எண்கள் இன்று கைவிரலில் கிடைக்கின்றன. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. 1989-ல் தண்ணீர், கழிவுநீர் நிர்வாகம் முழுவதும் தனியார் கம்பெனிகளிடம் போனது. 20 வருஷம் கழித்து, 2009-ல், ஃபிஷ் லீகல் என்ற தூண்டில்காரர்களின் சட்ட அமைப்பு, கழிவுநீர் வெளியேற்றம் பற்றிய விவரங்களைக் கேட்டது. 'நாங்கள் தனியார், உங்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை' என்பதுதான் கம்பெனிகள் தரப்பு வாதம். கேஸ் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்தது. 2015-ல் தீர்ப்பாயம் சொன்னது: சுற்றுச்சூழல் தகவல் விஷயத்தில் இந்தக் கம்பெனிகளும் பொது அமைப்புகள்தான், கேட்டால் கொடுக்க வேண்டும். கிட்டத்தட்ட நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரி. கம்பெனிகளின் கதவை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர ஆறு வருஷம் ஆனது.

கேஸ் போடும் உரிமை எங்கிருந்து வந்தது?

இங்கேதான் பாரம்பரியம் என்ற வார்த்தைக்கு வேறு ஒரு அர்த்தம் வருகிறது. இங்கிலாந்தில் கடல் ஏற்றவற்றம் எட்டாத ஆறுகளில் மீன் பிடிக்கும் உரிமை ஒரு சொத்து. கரை யாருடையதோ, அந்த உரிமை அவருடையது. அதை விற்கலாம், வாங்கலாம், குத்தகைக்கு விடலாம். சொத்து என்றால், அதைக் கெடுத்தவர் மேல் சிவில் கேஸ் போடலாம். போலீஸோ அரசோ நடவடிக்கை எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

இதை ஆயுதமாக்கியவர் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர். ஒரு சின்ன சங்கம் தனியாக ஒரு பெரிய தொழிற்சாலையோடு மோத முடியாது, செலவு தாங்காது. எல்லோரும் சேர்ந்து பணம் போட்டால்? 1948-ல் அதற்காக ஒரு கூட்டமைப்பு தொடங்கினார். அதுதான் பிறகு ஃபிஷ் லீகல் ஆனது.

சில வருஷத்திலேயே பெரிய சோதனை வந்தது. டர்பி நகரத்தின் 'பிரைட் ஆஃப் டர்பி' மீன்பிடி சங்கம் ஒரே நேரத்தில் மூன்று பெரிய தலைகள் மேல் கேஸ் போட்டது. ரசாயனக் கழிவு விட்ட செயற்கை இழை கம்பெனி, சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீரை விட்ட மாநகராட்சி, சுடுதண்ணீர் விட்ட மின்வாரியம். ஊருக்கு வேலை, கழிப்பறை, கரண்ட் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், மீன் பிடிப்பவர்கள் மறுபக்கம். எதிர்த்தரப்பு எளிதாக ஜெயித்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1952-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. நஷ்டஈட்டோடு முடித்துக்கொள்ளாமல், ஆற்றைக் கெடுப்பதை நிறுத்து என்று தடையுத்தரவே போட்டது. டர்பி ஆறு டிரவுட்டுக்குப் பேர் போனது இல்லை, சாதாரண நகரத்து ஆறு. ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லா ஆற்றுக்கும் உதவியது.

இந்தக் கதவு இடையில் கொஞ்சம் மூடியது. ஒழுங்குமுறை ஆணையம் இருக்கும்போது தனிப்பட்ட கேஸ் எதற்கு என்று கழிவுநீர் கம்பெனிகள் வாதிட்டு, கீழ் நீதிமன்றங்களில் ஜெயிக்கவும் செய்தன. 2024 ஜூலையில் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் கேஸில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சாக்கடை விட்டுத் தன் நீர்நிலையைக் கெடுத்தால், உரிமையாளர் கேஸ் போடலாம் என்று தெளிவாகச் சொன்னது.

பிக்கரிங் கேஸ் இன்னொரு வகை. அங்கே குறி கம்பெனி இல்லை, அரசு. ஒவ்வொரு ஆற்றையும் நல்ல நிலைக்குக் கொண்டுவரத் திட்டம் போட வேண்டும் என்பது சட்டம். அரசு போட்டது பெரிய வட்டாரத்துக்கு ஒரு பொதுத் திட்டம். எங்கள் ஓடையில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் அதில் பதில் இல்லை. ஆயிரக்கணக்கான நீர்நிலைகளுக்குத் தனித்தனியாக யோசிக்க முடியாது என்றது அரசு. சட்டம் கேட்பதே அதைத்தான் என்றது நீதிமன்றம்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது

தூண்டில்காரர்களைத் தியாகிகளாக்க வேண்டியதில்லை. டெஸ்ட் ஆற்றில் 1822-ல் தொடங்கிய ஹௌட்டன் கிளப் போன்றவை விரல்விட்டு எண்ணக்கூடிய பணக்காரர்களின் இடம். நல்ல சாக் ஸ்ட்ரீமில் ஒரு நாள் மீன் பிடிக்க ஆகும் கட்டணம் சாதாரண ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. தங்கள் டிரவுட்டைத் தின்கிறது என்று பைக் மீன்களை வருஷக்கணக்கில் பிடித்து அழித்தவர்களும் இவர்கள்தான். பண்ணையில் வளர்த்த மீனைக் கொட்டி, காட்டு டிரவுட்டின் மரபணுவைக் கலப்படம் ஆக்கியதும் இதே பாரம்பரியம்தான். அதனால்தான் 2015-ல் இருந்து ஆறுகளில் விடும் பண்ணை பிரவுன் டிரவுட் இனப்பெருக்கம் செய்ய முடியாததாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. இப்போது பல சங்கங்கள் மீன் விடுவதையே நிறுத்திவிட்டன. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறார்கள்.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. சொத்து இருப்பவர்தான் கேஸ் போடலாம் என்றால், சங்கமும் இல்லாத, டிரவுட்டும் இல்லாத ஒரு நகரத்துச் சின்ன ஓடைக்கு யார் பேசுவது? லண்டனைச் சுற்றியுள்ள சில சாக் ஸ்ட்ரீம்களில் கோடையில் தண்ணீரே இருக்காது. மக்கள் குடிக்க நிலத்தடி நீரை எடுத்துக்கொள்வதால் ஊற்று வற்றுகிறது. அங்கே வில்லன் என்று ஒரு தொழிற்சாலையைக் கைகாட்ட முடியாது. குழாயைத் திறக்கும் எல்லோரும்தான் காரணம். தடையுத்தரவு யார் மேல் வாங்குவது?

நீலகிரிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு

ஆங்கிலேயர்கள் போன இடத்துக்கெல்லாம் இந்த மீனையும் கொண்டுபோனார்கள். ஃபிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் 1860-களிலேயே நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி. வில்சன் என்பவர் காலத்தில்தான் அது நிலைத்தது. அவலாஞ்சியில் உள்ள மீன்குஞ்சு பொரிப்பகம் அந்தக் காலத்து எச்சம்தான். இங்கே டிரவுட் வந்தேறி. இங்கிலாந்தில் காப்பாற்ற வேண்டிய மீன், நம்ம மலையில் உள்ளூர் உயிர்களைத் தின்னும் விருந்தாளி.

எதிர்த்திசையிலும் ஒன்று போனது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் மெழுகு தடவிய மாதிரி பளபளப்பான புள்ளி இருக்கும். சால்மன் பிடிக்கும் ஃப்ளைகளுக்கு அந்த இறகுதான் வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் அடம்பிடித்தார்கள். அதற்காகவே ஏராளமான கோழிகள் கொல்லப்பட்டன. இன்று அது பாதுகாக்கப்பட்ட பறவை, இங்கிருந்து இறகு ஏற்றுமதி செய்ய முடியாது.

அடுத்து என்ன?

2020 கணக்கின்படி இங்கிலாந்தில் நல்ல சூழலியல் நிலையில் இருந்த ஆறுகள் 14 சதவீதம்தான். 2027-க்குள் எல்லா நீர்நிலைகளையும் நல்ல நிலைக்குக் கொண்டுவருவதுதான் சட்டத்தில் இருக்கும் இலக்கு. மழைக்கால மதகுகளுக்கு அரசு 2022-ல் போட்ட திட்டத்தின் கடைசி கெடுவோ 2050. அதுவரை மாதத்துக்கு ஒரு முறை, யாராவது ஒருவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கி, 3 நிமிடம் கல்லைக் கிளறி, தட்டில் எத்தனை பூச்சி என்று எண்ண வேண்டியிருக்கும்.